கிட் கையேட்டில் ‘ஷா-1’ என்ற சொல்லை என்ன செய்வது?

வேப்பநிழல் எழுதியது:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கிட் கையேடு வைத்திருக்கிறோம். கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிப்புகளாகச் சேமித்து வைக்கும் கருவி. பல ஆண்டுகளாகப் பலருடைய கைபட்டு வளர்ந்தது. கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் அதைத்தான் படிக்கிறார்கள். அதில் ஒரு வரி பிழையாக இருந்தாலும் எனக்கு உறுத்தும்.

ஷா-1, ஷா-256 இரண்டும் ஹாஷ் முறைகள், அதாவது உள்ளடக்கத்திலிருந்து நிலையான நீளமுள்ள ஓர் எண்சரத்தைக் கணக்கிடும் வழிகள். சென்ற வாரம் ஒரு சோதனைக் களஞ்சியத்தை (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்) ஷா-256 வடிவத்தில் உருவாக்கி, கையேட்டின் பயிற்சிகளை முதலிலிருந்து செய்துபார்த்தேன். இரண்டாம் பயிற்சியிலேயே தடுக்கியது. ‘இப்போது உங்கள் கமிட்டின் ஷா-1 திரையில் தெரியும், அது 40 எழுத்துகள் கொண்டது’ என்று எழுதி வைத்திருக்கிறோம். கமிட் என்பது கிட்டில் பதிவுசெய்த ஒரு மாற்றம். என் திரையில் 64 எழுத்துகள் நின்றன. அது ஷா-1 இல்லை, நாற்பதும் இல்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள்.

கிட்டின் சொந்த ஆவணங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தேன். அருஞ்சொற்பட்டியலில் ‘ஆப்ஜெக்ட் நேம்’ என்பதே முதன்மைச் சொல். கோப்பின் உள்ளடக்கம், கமிட் என்று கிட் சேமிக்கும் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது பொருள். ‘ஹாஷ்’, ‘ஆப்ஜெக்ட் ஐடென்டிஃபையர்’ இரண்டும் அதற்கு இணைச்சொற்கள். ஷா-1க்கும் அங்கே தனி இடம் உண்டு: அது ஒரு ஹாஷ் முறை, கிட் வழக்கில் ஆப்ஜெக்ட் நேம் என்பதற்குப் பதிலாகச் சொல்லப்படுகிறது என்று விளக்கம் தருகிறார்கள். பல பொருள்களைச் சேர்த்து வைக்கும் பேக் கோப்பின் வடிவத்தைச் சொல்லும் பக்கத்தில் தொடக்கத்திலேயே, வழக்கமான களஞ்சியத்தில் இந்தப் பெயர்களும் சரிபார்ப்புத் தொகைகளும் ஷா-1ஆல் கணக்கிடப்படும், ஷா-256 களஞ்சியத்தில் ஷா-256ஆல் கணக்கிடப்படும் என்று சொல்லிவிட்டு, பிறகு எந்த முறையின் பெயரையும் இழுக்காமல் எழுதிக்கொண்டு போகிறார்கள். படிக்க நிறைவாக இருந்தது.

நானும் அப்படிச் செய்யலாம் என்று எண்ணி, கையேடு முழுவதும் ‘ஷா-1’ என்பதை ‘பொருள் பெயர்’ என்று ஒரே கட்டளையில் மாற்றினேன். படித்துப் பார்த்ததும் மனம் சோர்ந்தது. ‘2017இல் ஆய்வாளர்கள் பொருள் பெயரை உடைத்துக் காட்டினார்கள்’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது. அந்த மாற்றத்தைக் கைவிட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறேன். எங்கே மாற்றுவது, எங்கே விடுவது? மாற்றத்தான் வேண்டுமா?

கரும்பலகை எழுதியது:

மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. நான் பயிற்சி வகுப்பு எடுப்பவன். வேலைக்குப் போன பிறகு அந்தப் பிள்ளைகளின் காதில் விழப்போவது ‘அந்த கமிட்டோட ஷா அனுப்பு’ என்ற வாக்கியம்தான். ‘பொருள் பெயர் அனுப்பு’ என்று எந்தக் குழுத் தலைவரும் கேட்கமாட்டார். சிக்கல் வந்து இணையத்தில் தேடினாலும் பதில்கள் ‘ஷா’ என்ற சொல்லைச் சுற்றியே கிடக்கின்றன. சரியான சொல் என்று ஒன்றைக் கொடுத்து, பழகிய சொல்லைப் பறித்துக்கொண்டால் அந்தப் பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

இன்னொன்று. இன்று நாம் கையாளும் களஞ்சியங்களில் பெரும்பாலானவை ஷா-1தான். யாரோ ஒருவர் சோதனைக்காக 64 எழுத்துக் களஞ்சியம் உருவாக்குவதற்காக, எல்லாரும் பார்க்கிற 40 எழுத்தை ஏன் மறைக்க வேண்டும்?

இரவுக்காவல் எழுதியது:

கரும்பலகை ஐயா, சொல்லாக மட்டும் நின்றுவிட்டால் நானும் உங்கள் பக்கம் நிற்பேன். ஆவணத்தில் எழுதிய சொல் நிரலுக்குள் இறங்கிவிடுகிறது. அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

முன்பு வேலை செய்த இடத்தில், எந்த கமிட் எந்தச் சேவையகத்தில் ஓடுகிறது என்று குறித்துவைக்க ஒரு சிறிய கருவி இருந்தது. தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசை. பெயர் ‘ஷா1’, அகலம் 40. புதிய களஞ்சியம் ஒன்று ஷா-256 வடிவத்தில் வந்தது. தரவுத்தளம் 64 எழுத்தை வாங்கி, சத்தமே இல்லாமல் முதல் 40ஐ மட்டும் வைத்துக்கொண்டது. உடனே உடைந்திருந்தால் அன்றே சரிசெய்திருப்போம். ஆனால் கிட் எந்த அடையாளத்தின் முற்பகுதியையும், அது அந்தக் களஞ்சியத்தில் ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும்வரை, சுருக்கமாக ஏற்றுக்கொள்ளும் அல்லவா? அதனால் வெட்டுப்பட்ட 40 எழுத்தைக் கொடுத்தாலும் சரியான கமிட்டைக் காட்டியது. எல்லாம் ஓடுவதுபோலவே இருந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஓடவில்லை. ‘சேவையகத்தில் இருப்பதும் கிளையின் (தனியாக வளரும் கமிட் வரிசையின்) நுனியில் இருப்பதும் ஒன்றா?’ என்ற ஒப்பீடு 40 எழுத்தையும் 64 எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒருநாளும் சமமாகவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே நிரலை மறுபடி நிறுவிக்கொண்டே இருந்தது. இரவுப் பணியில் இருந்த நான் அதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின.

அதே களஞ்சியத்தில் ஹூக் ஒன்றும் (கிட் செயல்களின்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) விழுந்தது. புதிய கிளையைச் சேவையகத்துக்குத் தள்ளும்போது பழைய மதிப்பாக முழுக்கச் சுழிகளே வரும். எங்கள் ஸ்கிரிப்டில் நாற்பது சுழிகளை அப்படியே தட்டச்சு செய்து ஒப்பிட்டிருந்தார்கள். வந்தவை அறுபத்து நான்கு சுழிகள். பொருந்தாததால் ‘இது பழைய கிளை’ என்று முடிவுசெய்து, இல்லாத கமிட்டிலிருந்து வரலாற்றைக் கேட்டு, பிழை கொடுத்து, தள்ளியதை நிராகரித்தது. பழைய கிளைகளில் வேலை நடந்தது, புதிய கிளை மட்டும் ஏறவில்லை.

அந்த ஸ்கிரிப்டை எழுதியவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் படித்த கையேட்டில் ‘நாற்பது சுழிகள்’ என்றுதான் இருந்தது. கிட்டுடன் வரும் மாதிரி ஹூக்கைத் திறந்து பாருங்கள்: வெற்று உள்ளீட்டின் ஹாஷை அங்கேயே கணக்கிட்டு, அதன் ஒவ்வோர் இலக்கத்தையும் சுழியாக மாற்றிக்கொள்கிறார்கள். நீளம் எத்தனை என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

ஆறாம்விரல் எழுதியது:

ஷா-256 வருவதற்கு முன்பிருந்தே ‘கோப்பின் ஷா-1’ என்ற சொற்றொடர் பிழையானது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ‘உங்கள் கோப்பின் ஷா-1ஐ கிட் அதன் பெயராக வைத்துக்கொள்கிறது’ என்று படித்த ஒரு மாணவி, முனையத்தில் ஷா1சம் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தாள். கிட் காட்டியது வேறு, இது வேறு. தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து கிட்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாள். பிறகுதான் என்னிடம் வந்தாள்.

அவள் செய்தது சரியான சோதனை. தவறு எங்கள் வாக்கியத்தில் இருந்தது. கிட் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் ஹாஷ் செய்வதில்லை. முன்னால் ஒரு தலைப்பு சேர்க்கிறது: ‘பிளாப்’ என்ற சொல், ஓர் இடைவெளி, பைட் கணக்கில் நீளம், பிறகு ஒரு சுழி பைட். ஆறு பைட் கோப்பு என்றால் ‘பிளாப் 6’ என்று தொடங்கி, சுழி பைட்டுக்குப் பிறகுதான் உள்ளடக்கம். இத்தனையும் சேர்ந்ததன் ஹாஷ்தான் அந்த அடையாளம். ஆகவே அது கோப்பின் ஷா-1 என்றால் பொய், கிட்டுக்குள் அந்தப் பொருளின் பெயர் என்றால் மெய். வேப்பநிழல் தேடும் மாற்றம் ஷா-1 களஞ்சியத்தை மட்டுமே பார்க்கப்போகிறவருக்கும் தேவை.

பழஞ்சுவடி எழுதியது:

இந்தச் சொல் எப்படி ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தால் எங்கே பிரிப்பது என்பதும் தெரியும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டைத் தொடங்கியபோது வேறு ஹாஷ் என்ற எண்ணமே நிரலில் இல்லை. அடையாளம் என்றால் 20 பைட் கொண்ட ஓர் அணி. மாறியின் பெயரே ‘ஷா1’. கோப்புகளின் பெயர், செயற்கூறுகளின் பெயர், பிழைச் செய்திகள் எல்லாவற்றிலும் அதுவே. ஆவணம் எழுதியவர்கள் நிரலில் கண்டதை எழுதினார்கள். இத்தனைக்கும் அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2005 பிப்ரவரியில், ஷாயுன் வாங் தலைமையிலான சீன ஆய்வாளர்கள் ஷா-1இல் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த உழைப்பில் மோதலை உண்டாக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். மோதல் என்றால் இரண்டு வெவ்வேறு உள்ளடக்கங்களுக்கு ஒரே ஹாஷ் வருவது.

2017 பிப்ரவரி 23 அன்று ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் கூகுளும் அதைச் செய்தே காட்டின. ஒரே ஷா-1 கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகள். ‘ஷாட்டர்டு’ என்று பெயர். வெப்கிட் என்ற உலாவி இயந்திரத் திட்டத்தினர் அந்த இரண்டையும் சோதனைக்காகத் தங்கள் சப்வெர்ஷன் (கிட் போன்ற இன்னொரு கருவி) களஞ்சியத்தில் சேர்த்தபோது களஞ்சியமே முடங்கியது. ஒரே ஷா-1 என்பதால் இரண்டும் ஒன்றே என்று சப்வெர்ஷன் முடிவுசெய்துவிட்டது. அதே கோப்புகளை கிட்டில் சேர்த்தால் இரண்டுக்கும் வெவ்வேறு அடையாளங்கள் கிடைத்தன. காரணம், ஆறாம்விரல் மேலே சொன்ன அந்தத் தலைப்பு. முன்னால் சில பைட்டுகள் சேர்ந்ததும் கட்டிவைத்த மோதல் கலைந்துவிடுகிறது. தலைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு மோதலைக் கட்டுகிறவருக்கு அது தடையாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு மே மாதம் வந்த 2.13ஆம் பதிப்பிலிருந்து, இந்த வகை மோதலை அடையாளம் கண்டு நிறுத்தும் ஷா-1 நிரலை கிட் இயல்பாகவே பயன்படுத்துகிறது. 2018இல் அடுத்த ஹாஷாக ஷா-256ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 2020 அக்டோபரில் 2.29ஆம் பதிப்பு அதைச் சோதனை நிலையில் கொண்டுவந்தது. இனி வரும் 3.0இல் புதிய களஞ்சியங்களுக்கு ஷா-256 இயல்பாக இருக்க வேண்டும் என்பது திட்டம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2030 டிசம்பர் 31க்குள் ஷா-1ஐ விட்டு வெளியேறும்படி 2022இல் அறிவித்துவிட்டது. ஆக, கரும்பலகை சொல்லும் ‘யாரோ ஒருவர் சோதனைக்காக’ என்ற நிலை நீடிக்கப்போவதில்லை.

நிரலுக்குள் நடந்த மாற்றம்தான் எனக்குப் பிடித்த பகுதி. 20 பைட் அணியை எடுத்துவிட்டு, ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற ஒரு கட்டமைப்பைப் பல ஆண்டுகளாக, இடம் இடமாக, பேட்ச் பேட்சாக நுழைத்தார்கள். ஒவ்வொரு 20க்கும் 40க்கும் முன்னால் நின்று ‘நீ ஏன் 20?’ என்று கேட்க வேண்டியிருந்தது. சில 40கள் ஹாஷின் நீளம், சில வேறு காரணத்துக்காக வந்தவை. வேப்பநிழலின் கையேட்டிலும் அதே வேலைதான் காத்திருக்கிறது. ஒரே கட்டளையில் முடியாது.

சொல்லேருழவர் எழுதியது:

வேறொரு சிக்கல். ‘பொருள் பெயர்’ என்ற தமிழாக்கத்தையே நான் ஏற்கவில்லை.

பள்ளியில் பெயர்ச்சொல்லின் ஆறு வகைகளைப் படித்தோமே: பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர், சினைப்பெயர், பண்புப்பெயர், தொழிற்பெயர். பொருளும் பெயரும் புணர்ந்தால் பொருட்பெயர்தான். இலக்கணத்தில் நூற்றாண்டுகளாக உட்கார்ந்திருக்கும் சொல்லை எடுத்து அறுபத்து நான்கு இலக்கச் சரத்துக்குச் சூட்டுகிறோம். புணர்ச்சியைத் தவிர்த்துப் பிரித்து எழுதினாலும், ‘பெயர்’ என்றதும் படிக்கிறவர் மனத்தில் வருவது கோப்பின் பெயர், கிளையின் பெயர், குறிச்சொல்லின் பெயர். அதாவது மனிதர் வைத்த பெயர்கள். இது மனிதர் வைத்ததன்று, உள்ளடக்கத்திலிருந்து பிறந்தது.

‘அடையாளம்’ என்பதே பொருந்தும். பொதுவாகச் சொல்லும்போது பொருள் அடையாளம். குறிப்பாகச் சொல்லும்போது கமிட் அடையாளம், மர (கோப்புறைப் பட்டியல்) அடையாளம். கிட்டின் ஆவணத்திலும் ஐடென்டிஃபையர் இணைச்சொல்லாக இருப்பதால் மூலத்தை விட்டு விலகியதாகவும் ஆகாது.

தூக்கணாங்குருவி எழுதியது:

இதே பாதையில் ஃபாசில் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியும் நடந்திருக்கிறது. 2017 மார்ச்சில் வந்த 2.0ஆம் பதிப்பிலேயே ஷா3-256ஐக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஷா-1 அடையாளமும் ஷா3 அடையாளமும் ஒரே களஞ்சியத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும். கிட்டில் அப்படி இல்லை, களஞ்சியம் முழுவதற்கும் ஒரே முறை. ஆகவே கிட் கையேட்டில் ‘இந்தக் களஞ்சியம் எந்த முறையில் இருக்கிறது’ என்று பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும். ரெவ்-பார்ஸ் கட்டளையுடன் ‘ஷோ-ஆப்ஜெக்ட்-ஃபார்மேட்’ தெரிவைக் கொடுத்தால் சொல்லிவிடும்.

வேப்பநிழல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். பழஞ்சுவடி சொன்னதுபோல ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கேட்க வேண்டியிருந்தது.

பெரும்பாலான இடங்களில் ஷா-1 என்று எழுதியவர் நினைத்தது அடையாளத்தைத்தான். அங்கெல்லாம் ‘கமிட் அடையாளம்’ என்றோ ‘பொருள் அடையாளம்’ என்றோ மாற்றிவிட்டேன். சொல்லேருழவர் வாதம் என்னை வென்றது. எங்கள் குழுவில் தமிழாசிரியர் மகள் ஒருவர் இருக்கிறார். ‘பொருட்பெயர்’ என்று கேட்டதுமே அவர் முகத்தைச் சுளித்தார்.

பேக் கோப்பின் கடைசியிலும் இண்டெக்ஸ் கோப்பின் கடைசியிலும் நிற்கும் சரிபார்ப்புத் தொகையையும் ஷா-1 என்றே எழுதியிருந்தோம். அது எந்தப் பொருளின் அடையாளமும் இல்லை, கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருந்தால் இந்த இடத்தில் புதிய பொய்யை எழுதியிருப்பேன். ‘ஹாஷ் சரிபார்ப்புத் தொகை’ என்று ஆக்கினேன். 2017 பற்றிய பகுதியில் ஷா-1 ஷா-1ஆகவே நிற்கிறது. அங்கே பேசப்படுவது அந்த முறையின் பலவீனம். பெயரை எடுத்துவிட்டால் வரலாறே புரியாது.

தடுமாறிய இடம் ஒன்று உண்டு. குறிச்சொல்லில் (ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர்) இடும் கையொப்பம் எதைக் காக்கிறது என்ற பத்தி. கையொப்பம் குறிச்சொல்லின் உள்ளடக்கத்தின் மீது. குறிச்சொல்லுக்குள் இருப்பது கமிட்டின் அடையாளம் மட்டும். அந்த அடையாளத்திலிருந்து மரத்துக்கும் கோப்புக்கும் போகும் சங்கிலி முழுவதும் ஹாஷின் உறுதியை நம்பி நிற்கிறது. இங்கே ‘களஞ்சியம் பயன்படுத்தும் ஹாஷ் முறை எவ்வளவு உறுதியோ அவ்வளவே இந்தக் கையொப்பமும்’ என்று எழுதி, அடுத்த வரியில் ஷா-1 களஞ்சியத்தில் இதன் பொருள் என்ன என்று தனியாகச் சொல்லியிருக்கிறேன். சரியா?

ஆறாம்விரல் எழுதியது:

சரி. அந்த இரண்டாவது வரியை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். பொதுச்சொல் எழுதுகிறோம் என்று சொல்லி, இன்றைக்கு உண்மையில் இருக்கும் பலவீனத்தை மறைத்துவிடக் கூடாது.

கரும்பலகை எழுதியது:

இரவுக்காவல் சொன்ன வெட்டுப்பட்ட 40 எழுத்துக் கதையை என் வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆறாம்விரலின் மாணவி செய்த சோதனையை என் மாணவர்களில் சிலரும் செய்திருக்கிறார்கள். ‘அது அப்படித்தான், பிறகு புரியும்’ என்று நான் கடந்து போயிருக்கிறேன். அந்தப் பதில் சரியில்லை என்று இப்போது உணர்கிறேன்.

ஆனாலும் இரண்டு கோரிக்கைகளில் விட்டுக்கொடுக்கமாட்டேன். முதலாவது, ‘ஷா’ என்ற பேச்சுவழக்கை ஒரே ஓர் இடத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சக ஊழியர் ‘ஷா’ என்றால் அவர் கேட்பது இந்த அடையாளத்தைத்தான் என்று தெரியாத பிள்ளை முதல் நாளே விழிக்கும். இரண்டாவது, எடுத்துக்காட்டுகளில் உண்மையான எண்சரமே இருக்கட்டும். ‘பொருள் அடையாளம்’ என்று எழுதி அதைக் கோணக் குறிக்குள் வைத்துவிட்டு நகர்ந்தால், தொடக்கநிலையில் இருப்பவர் கோணக் குறியையும் சேர்த்துத் தட்டச்சு செய்வார். ஆண்டுக்கு இரண்டு பேராவது செய்கிறார்கள்.

வேப்பநிழல் எழுதியது:

இரண்டையும் ஏற்கிறேன். முதல் அத்தியாயத்தின் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

‘கிட் சேமிக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், அதன் வகை, நீளம், உள்ளடக்கம் ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளம் உண்டு. அது பதினறும இலக்கங்களால் ஆனது. அதன் நீளம் உங்கள் களஞ்சியம் எந்த ஹாஷ் முறையில் உருவாக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது: ஷா-1 என்றால் 40, ஷா-256 என்றால் 64. உங்கள் ஸ்கிரிப்டுகளில் இந்த நீளத்தை எண்ணாக எழுதிவைக்காதீர்கள். உடன் வேலை செய்கிறவர்கள் பேச்சில் இதை ஷா என்பார்கள். பழைய கட்டுரைகளிலும் அப்படியே காண்பீர்கள். எந்த முறையில் அமைந்த களஞ்சியமானாலும் அவர்கள் சொல்வது இந்த அடையாளத்தையே.’

கீழே ஒரே பயிற்சியை இரு வகைக் களஞ்சியத்திலும் செய்து, இரண்டு வெளியீடுகளையும் அடுத்தடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறேன்.

தூக்கணாங்குருவி எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஓர் எச்சரிக்கையையும் சேருங்கள்: ஷா-1 களஞ்சியத்துக்கும் ஷா-256 களஞ்சியத்துக்கும் இடையே தள்ளவோ இழுக்கவோ முடியாது. இரண்டையும் இணைக்கும் பணி 2.45ஆம் பதிப்பில் தொடங்கியிருக்கிறது, முடியவில்லை. அடையாளம் என்று பொதுவாக எழுதுவதைப் பார்த்துவிட்டு, இரண்டும் கலந்து புழங்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இரவுக்காவல் எழுதியது:

வேப்பநிழல், நீங்கள் பகிர்ந்த வரைவு முழுவதையும் இப்போதுதான் படித்து முடித்தேன். ஹூக்குகள் அத்தியாயம், மூன்றாம் பத்தி: ‘பழைய மதிப்பு நாற்பது சுழிகளாக இருந்தால்’ என்று இன்னும் நிற்கிறது. அந்த வரியில் ஷா-1 என்ற சொல்லே இல்லாததால் உங்கள் தேடலில் சிக்கியிருக்காது.

வேப்பநிழல் எழுதியது:

ஆம், சிக்கவில்லை. ‘முழுக்கச் சுழிகளாக இருந்தால்’ என்று மாற்றி, நீங்கள் சொன்ன மாதிரி ஹூக்கின் வழியையும் அதே பத்தியில் சேர்த்துவிட்டேன். ‘நாற்பது’, ‘40’, ‘இருபது பைட்’ மூன்றையும் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நான்கு அத்தியாயங்கள் இருக்கின்றன.